மாமியாரும் வால்ஸ் வகுப்பும்

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் குடியிருந்த ஒரு சின்னக் குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் மூன்றே பேர்: என் கணவர், அவருடைய அம்மா, நான். மாமனார் முன்பே காலமாகிவிட்டிருந்தார்.

சண்டைக்கு முன்னால் என் கணவருக்கு வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றில் வேலை. சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே பேண்டு வாசிப்பார்களாம். துரைகளும் துரைசானிகளும் ஜோடி ஜோடியாக ஆடுவார்களாம். நம்மவர்கள் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. இவர் சமையல்கட்டுக் கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை இருப்பதுபோல ஒரு துணியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்பாராம். பார்த்துப் பார்த்து அந்த ஆட்டத்தின் மேல் இவருக்கு ஒரு மோகம் வந்துவிட்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கல்யாணமான புதிதில் நாங்கள் பேசிக்கொண்டது ரொம்பக் கொஞ்சம். சோறு போடட்டுமா, போதும், குடை எங்கே, கதவுக்குப் பின்னால். இவ்வளவுதான். வீடும் சின்னது, பலகைச் சுவர் வேறு. மாமியாருக்குக் காது கூர்மை.

வெள்ளைக்காரன் கப்பலேறினான். கிளப்பில் சிப்பாய்கள் குடியேறினார்கள். என் கணவருக்கு அரிசிக் கட்டுப்பாட்டு ஆபீசில் வேலை கிடைத்தது. அரிசியே இல்லாத காலத்தில் அதைக் கட்டுப்படுத்துகிற வேலை என்பதால் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு நாள் கிணற்றடியில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து வாளியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு அதைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

"நாளைக்கி சாயங்காலம் ஒரு எடத்துக்குப் போகணும். நீயும் வரணும்," என்றார்.

"கோயிலுக்கா?"

"இல்ல. டான்ஸ் கத்துக்க."

ஊரெல்லாம் மலேரியா பரவியிருந்த நேரம். நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"ஆம்பளையும் பொம்பளையும் கையப் புடிச்சிக்கிட்டு ஆடுவாங்களே, அந்த டான்ஸ்," என்றார்.

"யாரு கைய?"

"உன் கையத்தான்."

"நடு ரோட்டுலயா?"

"இல்ல, மாடியில. கதவெல்லாம் சாத்தியிருக்கும்."

கதவு சாத்தியிருக்கும் என்றதும் எனக்கு இன்னும் கலவரமாகிவிட்டது. ஆனால் அவர் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஆபீசில் ஜப்பான்காரன் முன்னால் குனிந்து குனிந்து வந்த மனுஷன், என் முன்னால் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சரி என்றேன்.

கிளம்பும்போது மாமியார் பின்கட்டிலிருந்து வந்தார். அப்போது அவர் வீட்டிலேயே சவுக்காரம் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார். கடைகளில் சவுக்காரம் கிடைக்காத காலம். தேங்காயெண்ணெயும் சாம்பல் தண்ணியும் சேர்த்துக் காய்ச்சி, தகர டப்பாவில் ஊற்றி, ஆறிய பிறகு நூலால் அறுப்பார். அது அழுக்கை எடுக்கும். கூடவே கொஞ்சம் தோலையும் எடுக்கும்.

"ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?"

"வகுப்புக்கும்மா," என்றார் என் கணவர்.

"என்ன வகுப்பு?"

"இந்தக் காலத்துல வேற என்ன வகுப்பும்மா இருக்கு?"

ஊரில் அப்போது நடந்த வகுப்பு ஜப்பான் பாஷை வகுப்பு ஒன்றுதான். மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. மருமகள் ஜப்பான் பாஷை பேசினால், முகாமில் இருக்கிற சிப்பாய்களிடமே சவுக்காரம் விற்கலாம் என்று அந்த நிமிஷமே அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். உள்ளே போய் இரண்டு கட்டிச் சவுக்காரத்தை வாழையிலையில் சுற்றி எடுத்து வந்தார்.

"வாத்தியாருக்கு வெறுங்கையோட போகக் கூடாது," என்று என் கையில் திணித்தார்.

டான்ஸ் ஸ்டூடியோ காஜா பேராங் சாலையிலேயே ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் கடை. டயர் கிடைக்காததால் சைக்கிள் சக்கரங்களில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டிக்கொண்டிருப்பார்கள். மாடியில் முன்பு இங்கிலீஷில் ஒரு பெயர்ப்பலகை தொங்கியதாம். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அழிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அதைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். நாங்கள் போனபோது வெளியே தெரிந்தது வெறும் பலகை.

நடத்தியவர் ஒரு செராணிப் பெண்மணி. போர்த்துகீசிய வம்சம், நாற்பது வயதிருக்கும், உருண்டையான உடம்பு. ஆனால் அவர் நடந்தால் பலகையில் சத்தமே கேட்காது. எங்களோடு மலாயில் பேசுவார். சண்டைக்கு முன்னால் அவரை மாணவர்கள் மேடம் என்று கூப்பிடுவார்களாம். இனிமேல் அப்படிக் கூப்பிட்டால் யார் காதிலாவது விழும் என்று பயந்து, ஜப்பான்காரர்கள் ஆசிரியரைக் கூப்பிடுகிற மாதிரி 'சென்செய்' என்று கூப்பிடச் சொல்லியிருந்தார். அடியெடுத்து வைக்க இங்கிலீஷில் எண்ணுவதையும் விட்டுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு 'இச்சி, நி, சான்'. கிராமபோன் தட்டுகளைச் சாக்கில் கட்டிக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்திருந்தார். வால்ஸ் ஆடலாமா என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். வால்ஸ் ஜெர்மன்காரனுடையது, ஜெர்மன்காரன் ஜப்பான்காரனுக்குக் கூட்டாளி, ஆகவே அதில் தப்பில்லை.

தட்டுகள் மண்ணுக்குள் இருந்ததால் பாட்டுக்கு ஒரு வயலின்காரரை வைத்திருந்தார். அவர் அக்கம்பக்கத்தில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டி வீட்டுக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். எங்களைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுவார். சாமி பெயர்களும் சில பலகாரங்களும் தவிர தமிழ் அவருக்கு வராது. கல்யாண வீடுகளில் டொண்டாங் சாயாங் என்கிற மலாய்ப் பாட்டுக்கு வாசித்துப் பழகிய கை அது. வால்ஸை சென்செய் வாயால் பாடிக் காட்ட, அவர் கேட்டுப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் சரியாக வாசிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடினால் வில் தானாக டொண்டாங் சாயாங் பக்கம் போய்விடும். எங்கள் கால்களெல்லாம் நடுவழியில் நின்றுவிடும். எங்களோடு ஆடிய, மலாய் பேசும் சீனரான பாபா தையற்காரர் மட்டும் நிற்காமல் வாயைத் திறந்து பாட ஆரம்பித்துவிடுவார். அவருடைய தங்கைதான் அவருக்கு ஜோடி. அண்ணன் வாயை அந்தப் பெண் கையால் பொத்துவாள்.

முதல் நாள் சென்செய் எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினார். என் கணவரின் வலது கையை எடுத்து என் முதுகில் வைத்தார். நான் துள்ளி விலகினேன். மறுபடி வைத்தார். பகல் வெளிச்சத்தில், நாலு பேர் முன்னால், என் கணவர் என்னைத் தொட்டது அதுதான் முதல். அவர் கூரையைப் பார்த்தார். நான் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். அது பழைய பொத்தான் இல்லை. தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கியது. அதை நான்தான் தைத்திருந்தேன். இருந்தாலும் அன்றைக்குத்தான் அதில் ஓட்டை கோணலாக விழுந்திருப்பது தெரிந்தது.

"இச்சி," என்றார் சென்செய்.

நான் பின்னால் ஒரு அடி வைத்தேன். என் கணவரும் பின்னால் ஒரு அடி வைத்தார்.

"நி, சான். மறுபடி இச்சி."

மறுபடியும் இரண்டு பேரும் பின்னால் போனோம். ஈரத் துணியை இரண்டு பக்கமும் பிடித்துப் பிழிகிறவர்கள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"சலா, சலா," என்றார் சென்செய். தப்பு என்று அர்த்தம். "ஆண் முன்னால் வரவேண்டும். நீ எங்கே கற்றாய்?"

என் கணவர் தயங்கித் தயங்கிக் கிளப் கதையைச் சொன்னார். கதவிடுக்கில் நின்று பார்த்தபோது துரைசானிகளின் பாவாடை சுழல்வதும் அவர்கள் கால் போவதும்தான் அவர் கண்ணுக்குப் பிடித்திருந்ததாம். துரைகளின் காலை அவர் பார்க்கவேயில்லை. வருஷக்கணக்காகப் பார்த்து, பெண்கள் வைக்கிற அடியை ஒன்று விடாமல் மனசில் ஏற்றி வைத்திருந்தார். சென்செய் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கணவரை நேருக்கு நேர் பார்த்து நான் சிரித்ததும் அதுதான் முதல். அவருக்குக் கோபம் வரவில்லை. காது மட்டும் சிவந்தது.

வாரம் இரண்டு சாயங்காலம் போனோம். அவர் முன்னால் வரப் பழகினார். பாரம் ஏற்றிய சைக்கிளை மேட்டில் தள்ளுகிற மாதிரி என்னைத் தள்ளினார். சென்செய் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்ததால், அவர் தள்ளுகிற வேகத்தில் நான் சறுக்கிக்கொண்டே சுவர் வரைக்கும் போய்விடுவேன். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ளக் கற்றேன். அவர் மிதித்ததில் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "படிக்கப் போன எடத்துல கால்ல என்ன?" என்றார். பலகையில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அவர் என் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்ப்பார், நான் அவர் தோளுக்கு அப்பால் சுவரைப் பார்ப்பேன். அப்படி இருக்கும்போது பேச்சு சுலபமாக வந்தது. ஆபீசில் யார் யாரை அறைந்தார்கள் என்று சொல்வார். தோட்டத்தில் மழைக் காலத்தில் பால் வெட்டு நின்றுபோனால் நாங்கள் என்ன செய்வோம் என்று நான் சொல்வேன். அவருக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதையும், இத்தனை நாள் நான் போட்டதை வாய் திறக்காமல் சாப்பிட்டு வந்தார் என்பதையும், ஒரு வால்ஸின் நடுவில்தான் தெரிந்துகொண்டேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"எப்ப சொல்றது? அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்."

வீட்டுக்கு வந்தால் மாமியார் காத்திருப்பார்.

"இன்னிக்கி என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"இச்சி, நி, சான்," என்றார் என் கணவர்.

"அப்படின்னா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

மாமியார் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரமும் கேட்டார். அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதேதான்.

"இன்னுமா மூணுலயே நிக்கிறீங்க? நாலு எப்ப வரும்?"

வால்ஸில் நாலு கிடையாது என்று எப்படிச் சொல்வது. "அடிப்படை உறுதியாகணும்மா," என்று சமாளித்தார். சென்செய் எங்களுக்கு நாலு எண்ணி ஆடுகிற ஃபாக்ஸ்டிராட் ஆரம்பித்த அன்றுதான் நாலு வந்தது. அன்று என் கணவர் வாசலிலிருந்தே, "அம்மா, ஷி வந்துடுச்சி," என்று சொல்லிக்கொண்டு நுழைந்தார். மாமியார் நம்பிக்கையோடு சவுக்காரம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். சென்செய் கையில் தோல் உரிந்துகொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் வயலின்காரர் கண்ணைத் திறந்துகொண்டு ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அன்று கால் சரியாக வந்தது. அப்போது மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஆண்கள் முகத்தில் ரத்தம் இருக்காது. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேரைச் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வயலின் நின்றது. கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான் அதிகாரி, இடுப்பில் வாள், பின்னால் ஒரு சிப்பாய். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழ் வாலிபர். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவர். ஜப்பான் பாஷை நன்றாகப் படித்து அவர்கள் ஆபீசில் வேலைக்கு இருந்தார்.

எல்லோரும் இடுப்பு மடியக் குனிந்தோம். என் கணவர் என் கையை விட மறந்துவிட்டதால் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது.

அதிகாரி ஏதோ கேட்டார்.

"இங்க என்ன நடக்குதுன்னு கேக்குறாரு," என்றார் அந்த வாலிபர்.

சென்செய் வாயைத் திறந்தார். ஜெர்மன்காரன் கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் படியில் இன்னொரு சத்தம். செருப்பு தேய்கிற சத்தம், கூடவே மூச்சு வாங்குகிற சத்தம். கையில் கூடையோடு என் மாமியார் வந்து நின்றார்.

மாமியார் வந்த நோக்கம் பிறகுதான் தெரிந்தது. எங்களை நம்பிப் பிரயோஜனமில்லை, தானே வகுப்பில் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் கண்ணில் பட்டது இதுதான்: மகனும் மருமகளும் இன்னும் சிலரும் பணிவாகக் குனிந்து நிற்கிறார்கள். முன்னால் கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான்காரர் விறைப்பாக நிற்கிறார். அவர்தான் வாத்தியார் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். கூடையைக் கீழே வைத்துக் கும்பிட்டார்.

"வணக்கங்க வாத்தியாரய்யா. தப்பா நெனைக்கக் கூடாது. இவங்க ரெண்டு பேரும் எத்தன நாளா உங்ககிட்ட வர்றாங்க. இன்னும் நாலத் தாண்டல. எனக்கு மனசு கேக்கல. எம் மவன் மண்டு இல்லீங்க. மருமவ கெட்டிக்காரி. அப்ப சொல்லிக் குடுக்கிறதுலதான் ஏதோ கொறை."

என் கணவர், "அம்மா," என்றார். அது அவருக்கே கேட்டிருக்காது.

"நான் அனுப்புன சவுக்காரம் வந்து சேர்ந்துச்சில்லீங்களா?" என்று கேட்டு, கூடையிலிருந்து இன்னும் இரண்டு கட்டியை எடுத்து நீட்டினார் மாமியார்.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அந்த வாலிபர் மாமியாரைப் பார்த்தார், வயலினைப் பார்த்தார், குனிந்து நிற்கிற எங்களைப் பார்த்தார். பிறகு ஜப்பான் பாஷையில் நிதானமாகப் பேச ஆரம்பித்தார். மாமியார் பேசியதைவிட அது நீளமாக இருந்தது. என்ன சொன்னார் என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத் துணிக்கடையில் வைத்து என் கணவரிடம் சொன்னாராம்: "இந்த ஜனங்க உங்க பாஷைய தாங்களாவே படிக்கப் பாக்குறாங்க. சரியான வாத்தியார் இல்லாம தெணறுறாங்க. எண்ணிக்கை மறக்காம இருக்க வயலின் வாசிச்சி, கால் வச்சிப் பழகுறாங்க. இந்தம்மா நல்ல வாத்தியார் வேணும்னு காணிக்கையோட வந்து நிக்கிறாங்கன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

அதிகாரியின் முகம் மாறியது. அவர் பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் அவருடைய ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். சவுக்காரத்தை வாங்கி மோந்து பார்த்தார். மாமியாருக்கு லேசாகத் தலை குனிந்தார். பிறகு எங்களைப் பார்த்து எண்ணச் சொன்னார்.

"இச்சி, நி, சான்," என்றோம் எல்லோரும். பழக்க தோஷம், 'இச்சி'யில் எல்லோருடைய இடுப்பும் ஒரு பக்கம் சாய்ந்தது.

அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

"ஷி," என்றார் பாபா தையற்காரர், ஞாபகம் வந்தவராக.

அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மக்குப் பிள்ளைகளின் வகுப்பில் முதல் நாள் நுழைந்த வாத்தியார் விடுகிற பெருமூச்சு ஒன்று விட்டார். வாளைக் கழற்றிச் சுவர் ஓரம் சாய்த்து வைத்தார். நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னார். சென்செய் எடுத்துக் கொடுத்த சாக்கட்டியால் சுவரிலேயே எழுத ஆரம்பித்தார். இருட்டுகிற வரைக்கும் விடவில்லை. வயலின்காரரும் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. ஐந்துக்கான 'கோ' அவர் வாயில் வரவில்லை. அதிகாரி அவர் பக்கத்தில் போய் நின்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

அதோடு முடியவில்லை. வாராவாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவும் வந்தார். ஆட்டம் கற்கப் போன நாங்கள் இப்படித்தான் ஜப்பான் பாஷை படித்தோம். மாமியார் முன்வரிசையில் இடம் பிடித்தார். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் சீக்கிரம் வந்தது. பாசாரில் இரண்டு சிப்பாய்களிடம் போய், காலை வணக்கம் என்று அர்த்தம் வருகிற 'ஒஹயோ'வைச் சாயங்காலத்தில் சொன்னார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சவுக்காரம் வாங்கிக்கொண்டு போனார்களாம்.

நாங்கள் ஆடுவதையும் விடவில்லை. அதிகாரி வருகிற நாளில் நேரத்தோடு போய் ஆடுவோம். கீழே சைக்கிள் கடைக்காரர் மணியடித்தால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம். மாமியாரிடம் வகுப்பு ஆரம்பிக்கிற நேரத்தை மட்டும்தான் சொல்லியிருந்தோம். ஒரு நாள் சவுக்காரம் சீக்கிரம் விற்றுத் தீர்ந்ததால் அவர் முன்கூட்டியே வந்துவிட்டார். சைக்கிள் கடைக்காரர் ஜப்பான்காரருக்குத்தான் மணியடிப்பார், மாமியாருக்கு அடிக்கமாட்டார். நாங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு சுற்றில் கதவோரம் பார்த்தேன், மாமியார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பாடம் ஆரம்பித்த பிறகும் அவர் முன்வரிசைக்கு வராமல் அங்கேயே இருந்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் நின்றார்.

"இது எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே அத்தை," என்றேன். என் கணவர் சாலையோரச் சாக்கடையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அப்ப ஜப்பான் பாஷை?"

"அது நீங்க வந்த அன்னைக்கித்தான் ஆரம்பிச்சது."

யோசிக்க யோசிக்க மாமியாரின் கண் பெரிதாகிக்கொண்டே போனது. "அப்ப அன்னைக்கி நான் கொறை சொன்னது..." என்று ஆரம்பித்து, "அந்த ஆளு இடுப்புல வாளு தொங்குச்சேடா," என்று மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா என்று குனிந்து பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

திட்டப்போகிறார் என்று இரண்டு நாள் காத்திருந்தோம். திட்டவில்லை. மூன்றாம் நாள் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, "அவன் ஒன்னைத் தள்ளிக்கிட்டே போறான். செவுத்துல மோதிக்கப் போற. கொஞ்சம் அழுத்தமா நில்லு," என்றார். அவ்வளவுதான்.

அந்த அதிகாரிக்கு மாமியார் ஒவ்வொரு வாரமும் சவுக்காரம் கொடுத்துவந்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தைரியமில்லை. ஒரு வாரம் அவர் காலரைத் திறந்துவிட்டுக்கொண்டு வந்தார். கழுத்தைச் சுற்றி மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி சிவந்திருந்தது. எழுதுகிறார், நடுவில் கழுத்தைச் சொறிகிறார், மறுபடி எழுதுகிறார். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி, கழுத்தைக் காட்டி, "காயுய்," என்றார். அரிக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"காயுய்," என்றார் மாமியார் முன்வரிசையிலிருந்து, தெளிவான உச்சரிப்பில்.

அதிகாரி அவரைப் பாராட்டிவிட்டு, மீண்டும் சொறிந்துகொண்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வடக்கே எங்கோ மாற்றிவிட்டதாக அந்தத் துணிக்கடை வாலிபர் வந்து சொன்னார். மாமியார் அதை நம்பவில்லை. "என் சவுக்காரம்தான் அந்த மனுஷன வெரட்டிடுச்சி," என்று கொஞ்ச நாள் வருத்தப்பட்டார். சாம்பல் தண்ணியைக் குறைத்துக் காய்ச்சத் தொடங்கினார். அதன் பிறகு சவுக்காரம் யாரையும் அரிக்கவில்லை. அழுக்கும் போகவில்லை.

சண்டை முடிந்தது. சயாமுக்குப் போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். அவரை அவர் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. இன்னொருவர் வரவில்லை. ஊர் மெல்ல மூச்சு விட ஆரம்பித்ததும் சென்செய் கோழிக்கூண்டுக்கு அடியிலிருந்து தட்டுகளைத் தோண்டி எடுத்தார். பாதி வளைந்துபோயிருந்தன. மீதியை வைத்துக்கொண்டு, தன் பழைய மாணவர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்தார். பக்கத்து மண்டபத்தை அலங்கரித்திருந்தார்கள். வயலின்காரர் சட்டைப்பையில் பூ சொருகிக்கொண்டு வந்திருந்தார். பாபா தையற்காரர் கொண்டுவந்த துணியில் சென்செய்க்குப் புது கவுன்.

எனக்கு அப்போது நிறைமாதம். ஆட முடியாது. மாமியாரும் நானும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். என் கணவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஆடவில்லை, ஆடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சென்செய் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தனை நாள் நான் அவரோடு ஆடியிருக்கிறேன். அவர் ஆடுவதைப் பார்த்ததில்லை. அவர் மோவாய்க்குக் கீழே இருந்துகொண்டு எப்படிப் பார்க்க முடியும். தூரத்திலிருந்து பார்த்தபோது வேறு யாரோ மாதிரி இருந்தார். முதுகு நேராக இருந்தது. யாரையும் தள்ளவில்லை. சென்செய் அவ்வளவு உருண்டையாக இருந்தும் காற்றில் போகிற மாதிரி அவரோடு போனார். திரும்புகிற இடங்களில் மட்டும் என் கணவர் நாக்கு நுனியை உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டார், எழுதப் பழகுகிற பிள்ளைகள் நீட்டுவார்களே, அது மாதிரி. இத்தனை நாளும் என் தலைக்கு மேலே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"அவங்கப்பாவும் சவரம் பண்ணும்போது இப்படித்தான் நாக்க நீட்டுவாரு," என்றார் மாமியார்.

பாட்டு முடிந்து அவர் வியர்த்து வழியத் திரும்பி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்க்கிற மாதிரி, "எப்படி இருந்துச்சி?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சி," என்றேன். "வாய மூடிக்கிட்டு ஆடுங்க."